ஒரே வீட்டில் நான்கு ஸ்டேட்டஸ்: சண்டை வந்தால் எங்கே போய் உட்காருவது?

அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் ஒரு கோப்பு உண்டு. எல்லோருடைய பாஸ்போர்ட், ஐ-797 நோட்டீஸ்கள் (குடியேற்றத் துறை அனுப்பும் அறிவிப்புகள்), ஐ-94 பிரின்ட் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். சாதாரண நாளில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கணவன் மனைவிக்குள் பெரிய சண்டை நடந்த மறுநாள் காலை அது அலமாரியில் இல்லை. கணவரின் கார் டிக்கியில் இருந்தது. "பத்திரமா இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்" என்றார். அவர் எச்-1பி, அதாவது வேலை விசா. மனைவி எச்-4, அவரைச் சார்ந்து வரும் விசா. சென்னையில் பிறந்த பையனும் எச்-4. இங்கே பிறந்த பெண் அமெரிக்கக் குடிமகள். பேத்தியைப் பார்க்க ஆறு மாதத்துக்கு வந்திருந்த பாட்டி பி-2, அதாவது பார்வையாளர் விசா. ஒரே கூரைக்குக் கீழே நான்கு ஸ்டேட்டஸ், இந்த நாட்டில் இருக்க நான்கு விதச் சட்ட நிலை.

"மிக்ஸ்ட் ஸ்டேட்டஸ்" குடும்பம் என்று இங்கே சொன்னால், காகிதமே இல்லாத பெற்றோரும் குடிமக்களாகப் பிறந்த பிள்ளைகளும் சேர்ந்த வீடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நம்மிலும் அப்படி உண்டு. விசா முடிந்தும் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், அசைலம் (அடைக்கலம் கேட்கும்) வழக்கு வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். ஆனால் காகிதமெல்லாம் சுத்தமாக இருக்கும் ஐ.டி. குடும்பத்திலும் இதே சிக்கல் வேறு ரூபத்தில் இருக்கிறது: ஒருவர் இந்த நாட்டில் இருப்பதே இன்னொருவரின் கையெழுத்தை நம்பித்தான். அப்படிப்பட்ட வீட்டில் சண்டை முற்றினால் எங்கே போய்ப் பேசுவது? பெரியவர்களிடமா, காசு கொடுத்து ஒரு மீடியேட்டரிடமா (நடுவில் இருந்து சமரசம் பேச வைப்பவர்), சமூக மையத்திலா, கோர்ட்டிலா, ஆளுக்கொரு வக்கீலை வைத்தா?

நான் வக்கீல் இல்லை. ஒரு சமூக சமரச மையத்தில் தமிழ் மொழிபெயர்ப்புக்காக மாலை நேரங்களில் போய் உட்காருகிறவன். அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆகவே இங்கே வரும் இரண்டு வீடுகளும் உறவிலும் நட்பிலும் பார்த்தவை. அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

அறைக்கு முன்னால் தேதி

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, பேப்பர் பலவீனமாக இருப்பவர் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தனியாக ஓர் இமிக்ரேஷன் வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக்காரரின் கம்பெனி வக்கீலை அல்ல. அவர் கம்பெனிக்காக வேலை பார்ப்பவர். குடும்ப வக்கீலும் இதற்குப் போதாது. ஏனென்றால் இந்த வீடுகளில் பிரிவு எந்த நிபந்தனையில் நடக்கிறது என்பதைவிட எந்தத் தேதியில் நடக்கிறது என்பது பல நேரம் பெரிய விஷயம்.

எச்-4-இல் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே அந்த ஸ்டேட்டஸுக்கு அடிப்படை போய்விடும். வேலை போனால் கிடைக்கும் 60 நாள் அவகாசம் இதற்குக் கிடையாது. எச்-4-இல் வேலை பார்க்கும் அனுமதி (2015-இலிருந்து, கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு அப்ரூவ் ஆனவர்களின் துணைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது) கையில் இருந்தாலும் அதுவும் கூடவே போகும். கணவரின் கிரீன் கார்டு மனுவில் துணையாக ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட மனு) போட்டுக் காத்திருந்தால், அது அப்ரூவ் ஆகும் முன் விவாகரத்து முடிந்துவிட்டால் அந்த மனுவும் அவ்வளவுதான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இருக்கும் வரிசையின் நீளம் தெரிந்தவர்களுக்கு, பத்து வருஷம் காத்திருந்து கடைசி நேரத்தில் இடத்தை இழப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறானது இரண்டு வருஷ கார்டு. கிரீன் கார்டு கிடைக்கும்போது கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைந்திருக்காவிட்டால் நிபந்தனையோடு கூடிய கார்டுதான் வரும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். சேர்ந்து போட முடியாவிட்டால் தனியாகப் போட வழி உண்டு. அதில் பலரும் போகும் வழிக்கு, கல்யாணம் நல்ல எண்ணத்தில்தான் நடந்தது என்று காட்ட வேண்டும், விவாகரத்தும் முடிந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்கிறோம், வழக்கு நடக்கிறது என்ற இடைப்பட்ட நிலை இவருக்குத்தான் அதிகத் தலைவலி.

ஆகவே "அவசரப்படாதீங்க, ஆறு மாசம் போகட்டும்" என்ற ஒரே அறிவுரை முதல் ஆளைக் காப்பாற்றும், இரண்டாவது ஆளை மாட்டிவிடும். இது தெரியாமல் எந்த அறையில் போய் உட்கார்ந்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவதுதான். (காகிதத்துக்காக, இல்லாத கல்யாணத்தை இருப்பதுபோல அரசாங்கத்திடம் காட்டுவது வேறு விஷயம். அது மோசடி. சட்டப்படி கல்யாணம் இருக்கும்போது பிரிவின் தேதியை இருவரும் யோசித்து வைத்துக்கொள்வது வேறு. எல்லைக்கோடு எங்கே என்பதையும் அந்த வக்கீலிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.)

ஸ்பீக்கர் போன் பஞ்சாயத்து

கோப்பு டிக்கிக்குப் போன வீட்டில் முதலில் நடந்தது இதுதான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை, ஊரில் ஞாயிறு காலை. சாப்பாட்டு மேஜை நடுவில் போன். அந்தப் பக்கம் மாமனார், பெண்ணின் அப்பா, இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு பெரியப்பா. இந்தப் பக்கம் கணவன், மனைவி, சாட்சிக்கு உட்கார வைக்கப்பட்ட நான். இரண்டு மணி நேரம் ஓடியது. "ஏம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன?" என்று மாமனார் மூன்று தடவை கேட்டார். கடைசியில் பெரியப்பா தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னார்: "பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஒரு மூணு மாசம் ஊருக்கு வந்து இரும்மா. மனசு ஆறட்டும்." எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சமையலறைப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்த மாமியார்தான் திரும்பாமலே கேட்டார்: "முதல்ல அவ பாஸ்போர்ட் அவகிட்ட இருக்கா?" "அம்மா, நீங்க சும்மா இருங்க" என்றான் மகன். அந்த இரண்டு மணி நேரத்தில் உருப்படியாகக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

பெரியவர்கள் வைத்துப் பேசுவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். செலவில்லை. மொழி தேவையில்லாமல் புரியும் விஷயங்கள் பல அவர்களுக்குப் புரியும். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் முகத்தில் முழிக்க வேண்டும் என்ற பயம் இருக்கிறதே, அது சில ஒப்பந்தப் பத்திரங்களைவிடக் கெட்டியானது. பணம், பேச்சுவார்த்தை இல்லாமல் போனது, மாமியார் மருமகள் உரசல் மாதிரியானவற்றுக்கு இது போதும்.

ஆனால் ஸ்டேட்டஸ் உள்ளே வந்துவிட்டால் பெரியவர்களின் நல்லெண்ணமே ஆபத்தாகலாம். "ஊருக்கு வந்து இரு" என்பதையே பாருங்கள். ஸ்டேட்டஸ் இல்லாமல் 180 நாளுக்கு மேல் இங்கே தங்கியவர் நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் மூன்று வருஷம் திரும்ப முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் பத்து வருஷம். 1996-இல் வந்த சட்டம் இது. எச்-4-இல் ஒழுங்காக இருப்பவருக்கும், பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் திரும்பி வரக் கணவரின் தரப்புக் காகிதங்கள் வேண்டும். அப்புறம் பிள்ளைகள். ஆறு மாதம் ஒரு குழந்தை எந்த மாநிலத்தில் வாழ்ந்ததோ அந்த மாநிலக் கோர்ட்டுக்குத்தான் பொதுவாகக் கஸ்டடி (பிள்ளை யாரிடம் வளர்வது) பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் என்பது இங்கே ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றிருக்கும் விதி. ஒரு நாடு விட்டு இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தையைத் திரும்ப அனுப்புவதற்கான 1980 ஹேக் ஒப்பந்தத்தில் அமெரிக்கா இருக்கிறது, இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. மூன்று மாதம் மனசு ஆறப் போனவர்கள் போனபடி இருந்துவிட்டால், அல்லது பிள்ளைகளை அங்கேயே நிறுத்திவிட்டு ஒருவர் மட்டும் திரும்பிவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பெரியப்பாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று: அந்தப் பேச்சில் ரகசியம் என்று எதுவுமில்லை. ஓவர்ஸ்டே (அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியது), கையில் வாங்கிய கூலி, பழைய மனுவில் சொன்ன ஒரு பொய் என்று எது வெளிவந்தாலும் நாளைக்கு யார் வேண்டுமானாலும் எங்கேயும் சொல்லலாம்.

காசு கொடுத்து வைக்கும் மீடியேட்டர்

மீடியேட்டர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், யாருக்கும் சட்ட ஆலோசனையும் சொல்ல மாட்டார். அவரே வக்கீலாக இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லக்கூடாது. இருவரும் ஒரு முடிவுக்கு வர வழி செய்வதுதான் அவர் வேலை. மணிக்கணக்கில் கட்டணம். நம் வீடுகளில் ஒருவருக்கு மட்டுமே சம்பளம் வருவது சகஜம் என்பதால் அவரே முழுதும் கட்டிவிடுகிறார், அப்புறம் மீடியேட்டர் அவர் பக்கம் என்ற சந்தேகம் வருகிறது. பொதுக் கணக்கிலிருந்து கட்டுவதாக முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால் இந்தப் பிசகு இல்லை.

இந்த வழியின் பெரிய பலம், அங்கே பேசியது அங்கேயே நிற்கும் என்பது. எந்த அளவுக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று 2001-இல் எழுதப்பட்ட மீடியேஷன் மாதிரிச் சட்டத்தை இல்லினாய், நியூ ஜெர்சி, ஒஹையோ, வாஷிங்டன் உட்படச் சில மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. கலிஃபோர்னியாவுக்குத் தனியாகக் கடுமையான சட்டம் உண்டு. குழந்தையை வதைப்பது, கொலை மிரட்டல் போன்றவற்றுக்கு விலக்கு இருக்கும். "நான் ஓவர்ஸ்டே" என்று ஒருவர் சொன்னதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை மீடியேட்டருக்கு இல்லை.

ஆனால் நம்மவர்கள் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. பேசியதுதான் ரகசியம், எழுதிக் கையெழுத்துப் போட்டது கோர்ட்டில் தாக்கலாகிவிட்டால் ரகசியம் இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் யாருடைய ஸ்டேட்டஸையும் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் எழுத வேண்டும். "தாயின் விசா முடிந்தாலோ நாடு கடத்தப்பட்டாலோ" என்று எழுதுவதற்குப் பதில் "தாய் 30 நாளுக்கு மேல் நாட்டில் இல்லாத நிலை வந்தால் பிள்ளைகள் இன்னாரிடம் இருப்பார்கள்" என்று எழுதினால் போதும். விஷயம் அதேதான், படிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மீடியேட்டருக்கு இது சொல்லாமலே தெரியும். தெரியாவிட்டால் அவர் இந்த மாதிரி வீடுகளை அதிகம் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

டெக்சாஸில் இருப்பவர்கள் இன்னொரு ஜாக்கிரதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே மீடியேஷனில் உண்டாகும் ஒப்பந்தத்தில் "இதைத் திரும்பப் பெற முடியாது" என்ற வாசகம் எடுப்பாக இருந்து, இருவரும் கையெழுத்திட்டு, வக்கீல் கூட இருந்தால் அவரும் கையெழுத்திட்டுவிட்டால், மறுநாள் மனம் மாறி ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி எட்டு மணிவரை பேசிக் களைத்துப்போய், "சரி, முடிஞ்சா போதும்" என்று போடும் கையெழுத்து அது. இமிக்ரேஷன் வக்கீல் பார்க்காமல் அன்றைக்கே போடாதீர்கள். நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

கோர்ட் தராத சிலவற்றை இந்த அறை தரும். மனைவி எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் வரை விவாகரத்துத் தாக்கலைத் தள்ளிவைப்பது, அந்தப் படிப்புக்கான முதல் வருஷப் பணத்தை யார் கொடுப்பது, ஐ-751-க்குத் தேவையான பழைய வரித் தாள்களையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் எத்தனை நாளில் கொடுப்பது, மருத்துவக் காப்பீடு எதுவரை என்று ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதலாம். பையனின் எச்-4 அப்பாவின் எச்-1பி-யோடு ஒட்டியிருக்கிறது, அவன் அம்மாவோடு வாழப்போனாலும். அப்படியானால் அவனுடைய நீட்டிப்பு மனுவை அப்பா மறக்காமல் போட வேண்டும். இதை எல்லாம் ஒரு நீதிபதியின் பத்து நிமிஷத்தில் எதிர்பார்க்க முடியாது. ஒன்று மட்டும்: இங்கே எதை எழுதினாலும் அது குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ்.-ஐக் கட்டுப்படுத்தாது. "மனுவை வாபஸ் வாங்க மாட்டேன்" என்ற வாக்கு கணவன் மனைவிக்கு நடுவில்தான்.

ஐ-864 பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். துணைக்குக் கிரீன் கார்டு வாங்கித் தரும்போது போடும் அந்த உறுதிமொழி, வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் தாங்குகிறேன் என்பது. விவாகரத்து ஆனாலும் அது முடியாது. அவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேர வேண்டும், அல்லது நிரந்தரமாக வெளியேற வேண்டும், அல்லது இருவரில் ஒருவர் இறக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய ஒப்பந்தத்தாலும் அதை அழிக்க முடியாது என்று மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது. "ஜீவனாம்சம் வேண்டாம், ஒரேயடியாக இவ்வளவு வாங்கிக்கொள்" என்று பேரம் பேசும்போது இது மேஜை மேல் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் ஒன்றும் மீடியேஷனுக்குச் சாதகமாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டப்படி ஊரில் கல்யாணம் செய்தவர்களுக்கு இங்கே ஒருதலையாக வாங்கிய விவாகரத்து இந்தியாவில் செல்லாமல் போகலாம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பு ஒன்று அதற்குக் கட்டுப்பாடுகளை வைத்தது. மற்றவரும் அந்தத் தீர்வுக்குச் சம்மதித்திருந்தால் அது விதிவிலக்கு. இருவரும் ஒப்புக்கொண்டு முடிப்பதால் வரும் நன்மையை மறுகல்யாணம் செய்யும்போதுதான் பலர் உணர்கிறார்கள்.

சமூக மையம்

நியூயார்க்கில் 1981-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் இப்போது ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு சமரச மையச் சேவை உண்டு. வேறு பல மாநிலங்களிலும் இப்படிப்பட்டவை இருக்கின்றன. இலவசம் அல்லது கொஞ்சம் பணம். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நடத்துவார்கள். பெரிய சொத்து, ஓய்வூதியக் கணக்கு பிரிப்பதற்கு இது இடமில்லை. பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் தகராறு, குழந்தையைப் பார்க்கும் நேரம், அண்ணன் தம்பி பிரச்சினை என்றால் நான் முதலில் இங்கேதான் அனுப்புவேன்.

இரண்டாவது வீடு அப்படித்தான். அண்ணன் குடிமகன், தம்பி எச்-1பி. எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா ஒவ்வொரு வருஷமும் பி-2-இல் வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறார்கள், இனிமேல் தனியாகப் போய் வர முடியாது. பெற்றோருக்கு மனுப் போட 21 வயதான குடிமகனால்தான் முடியும். தம்பி எவ்வளவு சம்பாதித்தாலும் முடியாது. கூட்டு ஸ்பான்சராகக்கூட அவனால் கையெழுத்துப் போட முடியாது, அதற்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ வேண்டும். அண்ணிக்கு ஐ-864 பற்றித் தெரிந்திருந்தது: எழுபது வயதுக்காரர்கள் இனி 40 காலாண்டு வேலை பார்க்கப் போவதில்லை, அவர்கள் குடியுரிமை பெறும் வரை கணவரின் கையெழுத்து நிற்கும், முதல் ஐந்து வருஷம் மெடிகேரும் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இல்லை. தம்பியின் வீட்டில் இதை "அண்ணிக்கு மனசில்ல" என்று சொன்னார்கள். இரண்டு வருஷம் பேச்சு இல்லை. உட்கார்ந்து பேசியபோதுதான், சண்டை பாசத்தைப் பற்றியே இல்லை, ஒரு படிவத்தைப் பற்றியது என்று தம்பிக்குப் புரிந்தது. மருத்துவக் காப்பீட்டுப் பணம் முழுக்கத் தன்னுடையது என்று அவன் எழுதிக் கொடுத்தான். அண்ணன் மனுப் போட்டார்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. பத்து வயதுப் பிள்ளையை "இங்கிலீஷ்ல சொல்லு" என்று நடுவில் உட்கார வைக்காதீர்கள். கூட வந்த மச்சானையும் வேண்டாம். மையத்திடம் முன்கூட்டிச் சொன்னால் போன் வழியாகவாவது தமிழ் ஆள் ஏற்பாடாகும்.

கோர்ட் அனுப்பும் மீடியேஷன்

கலிஃபோர்னியாவில் குழந்தையின் கஸ்டடியில் சண்டை என்றால் நீதிபதியிடம் போகும் முன் மீடியேஷன் கட்டாயம், 1981-இலிருந்து. கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே சில கவுண்டிகளில் அந்த மீடியேட்டர், இருவரும் ஒத்துவராவிட்டால், தன் பரிந்துரையை நீதிபதிக்கு எழுதுவார். அதாவது தனியார் மீடியேட்டரிடம் இருக்கும் ரகசியம் இங்கே இல்லை. "இந்தக் கவுண்டி எந்த வகை?" என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

காகிதம் இல்லாதவருக்கு கோர்ட் வாசலே பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2025 ஜனவரியில் குடியேற்ற அமலாக்க அதிகாரிகளுக்கான பழைய கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. குடும்ப விவகாரங்கள் மட்டும் நடக்கும் கோர்ட்டுகளைப் பொதுவாகத் தவிர்க்கும்படிதான் அந்த வழிகாட்டுதலும் சொன்னது, ஆனால் அது தடை அல்ல. நியூயார்க், கலிஃபோர்னியா மாநிலங்களில் நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் கோர்ட்டில் சிவில் கைது கூடாது என்று மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கோர்ட்டில் இப்போது எப்படி நடக்கிறது என்பதை அங்கேயே வழக்கு நடத்தும் வக்கீலிடம் கேளுங்கள். வீடியோவில் ஆஜராக அனுமதி கேட்கவும் செய்யலாம்.

"எனக்கு ஸ்டேட்டஸ் இல்லை, பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள்" என்று தானாகவே விட்டுக்கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டேட்டஸ் இல்லை என்பது மட்டுமே கஸ்டடியை மறுக்கக் காரணமாகாது. கலிஃபோர்னியா அதை 2012-இல் சட்டமாகவே எழுதிவிட்டது. கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனை.

பேசவே கூடாத நேரம்

கோப்பை ஒளித்து வைப்பது, "ஒரு போன் போட்டா உன்ன அனுப்பிடுவாங்க" என்பது, மனுவை வாபஸ் வாங்குவேன் என்று ஒவ்வொரு சண்டையிலும் சொல்வது, கை ஓங்குவது. இவை இருக்கும் வீட்டுக்கு முதல் மூன்று வழிகளும் உதவாது என்பது என் தீர்மானம். எதிரில் இருப்பவர் நம்மை நாட்டை விட்டே அனுப்பிவிட முடியும் என்று நினைக்கிறவர், மீடியேட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சரி சரி என்றுதான் தலையாட்டுவார். தனித்தனி அறையில் வைத்து, தனித்தனி வக்கீலோடு, ஜூமில் என்று சில மீடியேட்டர்கள் நடத்துவார்கள். கோர்ட் மீடியேஷனிலும் கலிஃபோர்னியாவில் தனித்தனியாகச் சந்திக்கக் கேட்கலாம். ஆனால் முதல் படி அதுவல்ல. முதலில் பாதுகாப்பு உத்தரவு. அதைக் கேட்க ஸ்டேட்டஸ் தேவையில்லை.

துன்புறுத்துகிறவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால், பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி 1994-இல் வந்த வாவா சட்டத்தின் கீழ், துன்பப்படும் துணை அவருக்குத் தெரியாமலேயே தன் கிரீன் கார்டுக்கான ஐ-360 மனுவைத் தானாகப் போடலாம். துன்புறுத்துகிறவர் கொடுக்கும் தகவலை மட்டும் வைத்து அரசாங்கம் எதிராக முடிவெடுக்கக்கூடாது, மனுவைப் பற்றி அவரிடம் சொல்லவும் கூடாது. விவாகரத்து ஆகிவிட்டிருந்தால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மறுபடி தேதி! துன்புறுத்துகிறவர் எச்-1பி என்றால் அந்த மனு பொருந்தாது. அப்படிப்பட்ட எச்-4 துணைக்குத் தனி வேலை அனுமதி ஒன்று உண்டு. குற்றமாகப் பதிவாகியிருந்தால் யு விசா (குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது), அது வருஷத்துக்கு 10,000 தான், வரிசை நீளம். தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. தமிழ் வேண்டும் என்று கேட்கலாம்.

ஆளுக்கொரு வக்கீலை வைத்து, கோர்ட்டுக்குப் போகாமல் வக்கீல்களே பேசி முடிக்கும் வழியும் உண்டு. மீடியேஷனைவிடச் செலவு, முழு வழக்கைவிட மலிவு. மிரட்டல் இல்லை, ஆனால் ஒருவர் வாய் பேசினால் மற்றவர் அடங்கிப்போகும் வீடு என்றால் இதைத்தான் சொல்வேன்.

டிக்கியில் கோப்பு இருந்த வீடு கடைசியில் தனியார் மீடியேட்டரிடம் போனது. போகும் முன் இரண்டு நிபந்தனை. கோப்பு அலமாரிக்குத் திரும்ப வர வேண்டும், அது மாமியார் போட்டது. மனைவி தனியாக ஓர் இமிக்ரேஷன் வக்கீலைப் பார்த்த பிறகுதான் முதல் அமர்வு, அது நான் போட்டது. கணவர் இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார் என்பதால்தான் அது மிரட்டல் வீடு இல்லை, பயந்த வீடு என்று முடிவுக்கு வந்தேன். மூன்று அமர்வில் நான்கு பக்கம் எழுதினார்கள். முதல் வரி: அவரவர் மூலப் பத்திரங்கள் அவரவரிடம், எல்லாவற்றுக்கும் ஸ்கேன் பிரதி இருவரிடமும், வெள்ளிக்கிழமைக்குள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணுடையது அமெரிக்க பாஸ்போர்ட். 16 வயதுக்குக் கீழே இருப்பதால் புதிதாக எடுக்க இரு பெற்றோரும் சம்மதிக்க வேண்டும், யாராவது விண்ணப்பித்தால் தகவல் தரும் திட்டத்திலும் பெயரைச் சேர்க்கலாம். பையனுடையது இந்திய பாஸ்போர்ட். அந்த ஏற்பாடு எதுவும் அதைத் தொடாது. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே விதி எழுத முடியவில்லை. அதற்கென்று அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் குறித்திருக்கிறார்கள்.